மழை ஞாயிற்றில் வாசித்த ஓலை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா. சாரல் உள்ளே அடிக்கிறது, அந்தக் கதவை ஒருக்களித்து வையுங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள், நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்? ஒரு சொட்டு மழைகூடத் தலையில் படாமல் ஒரு குடும்பம் நாள் முழுக்க ஊர் சுற்றக் கிளம்பிய கதையை இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன். பாதி வரைக்கும் சந்தோஷமான கதை. மீதியையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

திண்டிவனத்து லூர்துசெல்வியை உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மரியஅந்தோணியின் மனைவி. ஐம்பத்தாறு வயது. மூத்தவன் இருதய அருண், சென்னையில் வேலை. இளையவள் எலிசா, நர்சரிப் பள்ளியில் டீச்சர்.

ஜூன் மாதம் லூர்துசெல்வி பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தாளே, அப்போது அவளுக்குத் தலை வாரிவிட்டு, கைத்தாங்கலாக நடக்க வைத்து, பெற்ற மகள்போலப் பார்த்துக்கொண்டவள் நர்ஸ் வெனிலா. கிளியனூர்ப் பக்கத்துப் பெண். லாரி மோதிப் புருஷன் போய்விட்டான், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் லூர்துசெல்வி சொன்னாள்: "தங்கமான பொண்ணு. ஆனா பாவம், ராசியில்லாத பொண்ணு."

சும்மா சொன்ன வார்த்தை. சொன்னவள் அன்றைக்கே மறந்துபோனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருண் மறக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பத்து நாளில் அவன் மனம் வெனிலாவிடம் போயிருந்தது. அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவை அவன் ஊருக்கு வர ஆரம்பித்தது எதற்காக என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். இரண்டாயிரத்துப் பதிமூன்று, நவம்பர்.

மூன்று நாளாக விடாத மழை. லூர்துசெல்வி ஐந்தரை மணிக்கே எழுந்து, பூசைக்குக் கட்டிக்கொள்ளப் புடவை எடுத்துவைத்திருந்தாள். பால் வாங்கப் போன மரியஅந்தோணி தலையில் துண்டோடு உள்ளே வந்தார்.

"செல்வி, இன்னிக்குக் கோயிலுக்குப் போவ முடியாது. கோயில் வாசல்லயே முட்டி வரைக்கும் தண்ணி. சாமியாரு காலைப் பூசைய சாயங்காலத்துக்கு மாத்திட்டாராம்."

"யாரு சொன்னது?"

"பால் கடையில எல்லாம் அதத்தான் பேசிக்கினு இருக்காங்க."

முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவர் சீட்டாடப் போனதை மறைத்திருக்கிறார். பீடி குடிப்பதை மறைத்திருக்கிறார். கோயில் விஷயத்தில் பொய் சொன்னதே இல்லை. அவள் புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனாள்.

"வைக்காதம்மா, அதயே கட்டிக்க," என்றபடி அருண் வந்தான். சனிக்கிழமைதான் சென்னையிலிருந்து வந்திருந்தான். "விழுப்புரம் போலாம். எல்லாரும்."

"இந்த மழையிலயா? உனுக்கு இன்னா பைத்தியமா?"

"மழை நம்மளத் தொடாதும்மா. அப்பா பிளான் போட்டு வச்சிருக்காரு, கேளு."

மரியஅந்தோணி தொண்டையைச் செருமிக்கொண்டு பஸ் ரூட் சொல்வதுபோலச் சொன்னார். "வீட்டு வாசல்ல ஆட்டோ. பஸ் ஸ்டாண்டுல கூரை. பஸ்ஸுலயும் கூரை. அங்க எறங்கினா நாலு மாடி ஜவுளிக்கடை, புதுசா தொறந்தது. உள்ளயே ஏ.சி., உள்ளயே சாப்பாடு. அதுக்கப்புறம் மேட்னி ஷோ. மறுபடி பஸ்ஸு. எங்கயாவது ஒரு சொட்டு பட்டுதுன்னா என் பேர மாத்திக்கிறேன்."

"முப்பது வருஷமா தோணாதது இன்னிக்குத் தோணிச்சாக்கும்?"

"அப்ப டூட்டி இருந்துது."

உண்மைதான். ஞாயிறென்றும் பண்டிகையென்றும் பார்க்காமல் பஸ்ஸில் நின்றவர் அவர். மழை நாள் என்றால் அந்த வீட்டில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைப்பதுதான் வேலை. குடும்பமாகக் கிளம்பி ஒரு கூரைக்குக் கீழே போய்ச் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே கண் கலங்கியிருக்கும்.

ஆட்டோவில் ஏறும்போது எலிசா கையை நீட்டினாள். "அம்மா, உன் செல்லக் குடு. சாரல்ல நனைஞ்சிடும். என் பையில வச்சிக்கிறேன்."

வாங்கியவள் பைக்குள் போடும் முன் செல்போனை ஆஃப் செய்ததை லூர்துசெல்வி கவனிக்கவில்லை.

பஸ்ஸில் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கினார்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகள் அசையாமல் நின்றன. மரியஅந்தோணியால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, பின்படிய பாத்துட்டு ரைட்டு குடு" என்று இளவயதுக் கண்டக்டருக்கு உபதேசம் செய்தார்.

"ஆளு ரிட்டையர் ஆயிட்டாரு, வாய் இன்னும் ஆவல," என்றாள் லூர்துசெல்வி. முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எலிசா மட்டும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி, வயிறு கியிறு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லமா."

கடையைப் பார்த்ததும் லூர்துசெல்வி வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். "கோயில் இல்லம்மா, போட்டுக்க" என்று அருண் எடுத்துக் கொடுத்தான். உள்ளே நகரும் படிக்கட்டு. அவள் காலை நீட்டுவாள், படி நழுவும், இழுத்துக்கொள்வாள். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏம்மா, ஜல்தி கால வைம்மா. பின்னாடி ரேஷன் கடை மாதிரி நிக்குது!" என்றாள் ஒருத்தி.

"நீ மொதல்ல போயிக் காட்டு தாயி, நான் பாத்துக் கத்துக்கறேன்!"

அருண் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னைப் பாரும்மா, கீழ பாக்காத. ஒண்ணு, ரெண்டு, வை." மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் சின்னப் பிள்ளைபோல அவன் தோளில் தட்டினாள். "இன்னொரு வாட்டி போலாண்டா." மூன்று தடவை ஏறி இறங்கினார்கள். மூன்றாவது தடவை அவள் சிரிக்கச் சிரிக்க, அருண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கூச்சப்படுகிறான் என்று நினைத்தாள்.

இரண்டாம் மாடியில் ஐஸ்கிரீம். மழைக்கு ஐஸ்கிரீமா என்று திட்டிக்கொண்டே தின்றாள். அப்புறம் மூன்றாம் மாடி, பட்டுப் புடவைப் பிரிவு.

"இங்க எதுக்கு? கிறிஸ்மஸுக்குப் பூனம் சேலை போதும் எனுக்கு."

"எடு செல்வி. உன் இஷ்டத்துக்கு எடு," என்றார் மரியஅந்தோணி.

அரக்கு நிறத்தில் மாங்காய்க்கரை போட்ட ஒன்றை விற்கும் பெண் பிரித்து அவள் தோளில் போட்டாள். கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள். அது தானென்று புரிய லூர்துசெல்விக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

அந்த மூன்று பேரும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள் கண்ணுகளா, ஒன்றைத் தவிர. கிறிஸ்மஸுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, திண்டிவனத்துக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் பாதிப் பேர் பூசை முடிந்த கையோடு துணி எடுக்க வருவதும் அதே கடைக்குத்தான்.

"அடடே, சம்பந்தியம்மாவுக்குப் பட்டா! எடுங்க, எடுங்க!"

உபதேசியார் இராயப்பன். பக்கத்தில் அவர் மனைவி, கையில் இரண்டு பை. கோயிலில் அறிவிப்பெல்லாம் வாசிக்கிறவர் அவர்தான்.

"சம்பந்தியா? நான் யாருக்கு சம்பந்தி?" என்று சிரித்தாள் லூர்துசெல்வி.

"பாத்தியா, எங்ககிட்டயே விளையாடறாங்க. காலையில எட்டு மணிப் பூசையில நான்தானம்மா ஓலை படிச்சேன். மழைன்னுகூட பாக்காம கோயில் ரொம்பிடுச்சி. ஒங்க ரெண்டு பேரையும்தான் முன் வரிசையில காணோம். எல்லாரும் கேட்டாங்க."

"கோயில் வாசல்ல தண்ணி நிக்குதுன்னு..."

"நம்ம கோயில்லயா? மேட்டுல இருக்கிற கோயிலு, அங்க ஏதும்மா தண்ணி?"

எலிசா இடையில் புகுந்தாள். "சார், நாங்க அப்புறம்..."

இராயப்பன் காதில் அது விழவில்லை. கையைக் குவித்துக்கொண்டு, கோயிலில் வாசித்த அதே குரலில் சொன்னார். "நம் பங்கைச் சேர்ந்த மரியஅந்தோணி, லூர்துசெல்வி இவர்களின் மகன் இருதய அருணுக்கும், வெனிலாவுக்கும்... முதல் ஓலை! நல்ல மனசும்மா ஒங்களுக்கு. கொழந்தையோட இருக்கிற பொண்ண மருமகளா எடுக்க எத்தினி பேருக்கு மனசு வரும்? சாமியாரே சொல்லி சந்தோஷப்பட்டாரு."

வேற்று மதத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் பெற்றவர்கள் பெயரையும் வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று முடிப்பார்கள். அதைத்தான் ஓலை என்பது. மாப்பிள்ளையும் பெண்ணும் கூச்சத்தில் அன்றைக்குக் கோயில் பக்கம் வரமாட்டார்கள். பெற்றவர்கள் வருவார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது ஊரே வந்து தாயின் கையைப் பிடிக்கும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு தாய் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிற நேரம் அது.

அந்த நேரத்தில் லூர்துசெல்வி விக்கிரவாண்டியில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

இராயப்பனின் மனைவிக்கு ஏதோ புரிந்துவிட்டது. புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

விற்கும் பெண் கேட்டாள். "இதுவே பில் போட்டுடலாமாம்மா?"

லூர்துசெல்வி புடவையைத் தோளிலிருந்து எடுத்தாள். "மடிச்சி வச்சிடும்மா. இவங்க வேற யாருக்காவது எடுத்துக்குவாங்க."

கடை ஓரத்தில், பெண்டாட்டிகளுக்காகக் காத்திருக்கும் ஆண்கள் உட்காரும் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். மூன்று பேரும் எதிரில் நின்றார்கள்.

"எலிசா. உனுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆகஸ்ட்டுலேர்ந்துமா."

"தெனமும் என் பக்கத்துலதானடி படுக்கிற."

எலிசா அழ ஆரம்பித்தாள். லூர்துசெல்வி அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"ஓலை எழுதக் குடுத்தப்ப சாமியாரு என்னைக் கேக்கலியா?"

"கேட்டாரு."

"இன்னா சொன்னீங்க?"

மரியஅந்தோணி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "முட்டி வலி, வர முடியலன்னு... ஆனா அவளுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன்."

"எனுக்கு சந்தோஷம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"அம்மா, தப்பு என்னோடதுதான்," என்றான் அருண். "நீ வேணாம்னு சொல்லிடுவேன்னு பயம். நீதான ஆட்டோவுல சொன்ன, ராசியில்லாத பொண்ணுன்னு? மூணு ஓலையும் முடிஞ்சப்புறம் சொன்னா, உன்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு..."

ஆட்டோவும் அந்த வார்த்தையும் இப்போதுதான் லூர்துசெல்விக்கு ஞாபகம் வந்தன.

"சொன்னேன். வாய் தவறிச் சொன்னேனா, மனசுலயிருந்து சொன்னேனான்னு எனுக்கே தெரியல. நீ கேட்டிருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்னும் தெரியல. அழுதிருப்பேன். ரெண்டு நாள் சோறு திங்காம சண்டை போட்டிருப்பேன். மூணாம் நாளு இன்னா சொல்லியிருப்பேனோ. அந்த மூணாம் நாளத்தான்டா நீங்க மூணு பேரும் சேர்ந்து எடுத்துக்கினீங்க."

ஒலிபெருக்கியில் யாரோ குழந்தையைக் காணோம் என்று அறிவித்தார்கள்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? எனுக்குத் தெரியாம நடக்குதுன்னு?"

அருண் தரையைப் பார்த்தான்.

"உன்னத்தான் கேக்கிறேன்."

"தெரியாது. நீ ஒத்துக்கினேன்னு சொல்லியிருக்கேன். ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினேன்னு... அவ அப்படித்தான் சம்மதிச்சா. ஒங்க அம்மா மனசார சொன்னாத்தான்னு ஒரே பிடிவாதமா இருந்தா."

லூர்துசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நேரம் அவள் கணக்கில் அந்த வீட்டில் ஏமாந்தவள் ஒருத்திதான். இப்போது இன்னொருத்தியும் இருந்தாள், கிளியனூர்ப் பக்கத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு.

சாப்பாடும் இல்லை, மேட்னியும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரு கல்லூரிப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மரியஅந்தோணி இரண்டு தடவை எழுந்து வந்து, "செல்வி, டீயாவது குடிக்கிறியா?" என்று கேட்டார். அந்தக் கல்லூரிப் பெண்தான் பாவம், "வேணாமாம் தாத்தா" என்று பதில் சொன்னாள்.

திண்டிவனத்தில் இறங்கினதும் ஆட்டோவைக் கூப்பிடப் போனவரை அவள் நிறுத்தினாள். "வீட்டுக்கு இல்ல. சாமியாரு பங்களாவுக்கு."

"செல்வி, வேணாம். ஊரு முழுக்கக் கேட்டாச்சு. இப்பப் போயி தடைன்னு சொன்னா அவன் மானமே போயிடும்."

"என் மானம் எங்க போச்சுன்னு யாராவது தேடினீங்களா?"

மணி நாலரை. பங்குச் சாமியார் வராந்தாவில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மே மாதம்தான் மாற்றலாகி வந்தவர். இவர்களைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்கம்மா! முட்டி வலி எப்படி இருக்கு?"

"எனுக்கு முட்டி வலியே கெடையாது சாமி."

சாமியார் மரியஅந்தோணியைப் பார்த்தார். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அருண் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான். கேட்டு முடித்தபோது சாமியாரின் முகம் கறுத்திருந்தது.

"ஒங்க வீட்டுக்கே வந்து கேட்டிருக்கணும், எம்மேலயும் தப்பு இருக்கு," என்றார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன்மா. ரெண்டு பேரும் வயசு வந்தவங்க. தாய்க்குப் புடிக்கலங்கிறது ஓலையில சொல்ற தடை ஆவாது. நீங்க வேணாம்னாலும் நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"நிறுத்தச் சொல்லி வரல சாமி."

"அப்போ?"

"அந்த ஓலைய எடுங்க, பாக்கணும்."

சாமியார் உள்ளே போய்த் தாளை எடுத்து வந்தார். லூர்துசெல்வி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மகன் பெயர், புருஷன் பெயர், அதற்குப் பக்கத்தில் தன் பெயர். அந்த மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான் குடுக்காத பேரு. ரெண்டாவது ஓலையில இத எடுத்துட்டு வாசிங்க."

"அம்மா!" என்றான் அருண். "அப்படிப் பண்ணாதம்மா. அம்மா பேரு இல்லாம ஓலை படிச்சா, ஊர்ல இன்னா நினைப்பாங்க? வெனிலா இன்னா நினைப்பா?"

"நெசத்த நினைப்பா."

"செல்வி, கோவத்துல..." என்று மரியஅந்தோணி ஆரம்பித்தார்.

"கோவம் இல்லீங்க. கோவம் கடையிலயே முடிஞ்சிபோச்சு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எனுக்குன்னு நான் தூக்கிக் குடுக்கிறதுக்கு இந்த வீட்ல இன்னா இருக்கு? நகையா, நெலமா? என் பேரு ஒண்ணுதான் இருந்துது. அதையும் என்னைக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டீங்க. கல்யாணம் நடக்கட்டும். என் பேரு எங்கிட்டயே இருக்கட்டும்."

எலிசா கிட்டே வந்து அவள் கையைத் தொட்டாள். அவள் உதறவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

சாமியார் மெதுவாகச் சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்மா. அது வரைக்கும் நான் இதுல கை வைக்கல. அதுக்குள்ள ஒங்க மனசு மாறலாம்."

"மாறுமான்னு எனுக்குத் தெரியாது சாமி. அந்தப் பொண்ண நான் பாக்கணும். பொதன்கெழம காலையில கிளியனூர் பஸ்ஸுல போறேன். தனியா. இவங்க யாரும் வரக் கூடாது, யாரும் முன்னாடியே போன் பண்ணவும் கூடாது."

அருணின் முகம் வெளுத்தது. "அவகிட்ட இன்னாம்மா சொல்லப்போற?"

"நீ எம்பேர்ல சொன்ன பொய்ய நான் அங்க போயி காப்பாத்த மாட்டேன். அதுக்கப்புறமும் அவ உன்ன கட்டிக்கிறேன்னு சொன்னா, என் பேர நானே கொண்டாந்து சாமிகிட்டக் குடுக்கிறேன். அவ வேணாம்னு சொன்னா, அதக் கேட்டுக்க நீ தயாரா இரு."

அவன் அந்த வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சாமியார் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமைக்கு இடையில் இரண்டு நாள் இருந்தது.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் கண்ணுகளா. போகுமுன் கொஞ்சம் தலையைக் காட்டுங்கள், கையை வைக்கிறேன். உங்கள் வீட்டில் நடக்கப்போகிற நல்லதெல்லாம் ஊரார் வாய்க்குப் போகும் முன்னே உங்கள் காதுக்கு வரட்டும். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரை யாரும் எடுத்துக் கொடுக்காதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களுக்குப் பயப்படாமல் உங்களிடமே வந்து சொல்லட்டும். கூரை ஒழுகாமல், உலை அடங்காமல், மகராசிகளாக, மகராசன்களாக இருங்கள்.